மஞ்சள் விளக்கு எரிந்தால் மைசூர்தானா?

காருக்குள் கம்ப்யூட்டர் புகுந்து கால் நூற்றாண்டாகிவிட்டது. அது பேசும் மொழியைப் படிக்கும் உரிமை மட்டும் சிற்றூர் மெக்கானிக்குகளுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

கொள்ளேகாலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வந்தால் ஹனூர். அதைத் தாண்டினால் காடு, பிறகு மலை ஏற்றம், மேலே மாதேஸ்வரன் கோயில். மறுபக்கம் இறங்கினால் பாலாறு, அதற்கப்பால் மேட்டூர். கொள்ளேகால் தாலுகா 1956-ல் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்படும் வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அதனால் ஹனூர்ப் பக்கம் கன்னடத்தோடு தமிழும் சகஜமாகக் காதில் விழும். அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி என்றால் இரண்டு மாநில நம்பர் பிளேட்டுகளும் இந்தச் சாலையில் வரிசை கட்டும்.

ஒரு காலத்தில் இங்கே வண்டி நின்றால் டிரைவருக்கு வந்த பயம் வேறு. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடி வைத்த வீரப்பன் 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்தப் பயம் போயிற்று. இன்றைய பயம் டாஷ்போர்டில் திடீரென்று எரியும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு, ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லும். என்ன கோளாறு என்று சொல்லாது. சொல்வதற்கு ஒரு கருவி வேண்டும்.

விளக்கு எரியும் காரை ஹனூர் மாதிரி ஓர் ஊரில் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்கின் கைத்திறனை மட்டும் பொறுத்தது அல்ல. அவரிடம் ஸ்கேனர் இருக்கிறதா, அந்த ஸ்கேனரோடு பேச கார் கம்பெனி இடம் கொடுத்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. இல்லையென்றால் ரெக்கவரி வண்டியை வரவழைத்து, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைசூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். பழுது பார்க்க ஆகும் செலவைவிட பழுது பார்க்கும் இடத்துக்குப் போகும் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

காதால் கேட்டுச் சரி செய்த காலம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். என்ஜின் உறிஞ்சும் காற்றின் வேகத்தில் பெட்ரோல் ஒரு நுண்ணிய துளை வழியாகத் தானாக இழுபட்டுக் கலந்துகொள்ளும் எளிய ஏற்பாடு அது. மின்சாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். மெக்கானிக் ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, என்ஜின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார். ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. சி.பி. பாயிண்டை எமரித் தாளால் தேய்த்து, இடைவெளி பார்த்து மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். அந்த வித்தை புத்தகத்தில் கிடையாது. குருவிடமிருந்து சீடனுக்கு, பெரும்பாலும் திட்டு வாங்கிக்கொண்டே, கைமாறியது.

கார்புரேட்டரின் பலவீனம் அதற்குச் சூழ்நிலை புரியாது என்பது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்காக டியூன் செய்த கார்புரேட்டர் அதற்கேற்ப பெட்ரோலைச் சரியாகக் குறைத்துக்கொள்ளாது. மலை ஏற ஏற வண்டி இழுவை குறைந்து கரும்புகை கக்கியதற்கு அதுதான் காரணம். காலைக் குளிர், மதிய வெயில், சுமை, ஏற்றம் எதுவானாலும் ஒரே ஸ்குரூதான், ஒரே அளவுதான்.

இழுவைக் குறைவை ஜனங்கள் சகித்துக்கொண்டிருப்பார்கள். சகிக்க முடியாமல் போனது புகை.

கோர்ட் கொண்டுவந்த கம்ப்யூட்டர்

காரில் கம்ப்யூட்டர் வந்தது சொகுசுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைக் கொண்டுவந்தது சட்டம். அமெரிக்கா 1970-ல் நிறைவேற்றிய காற்றுத் தூய்மைச் சட்டம், கார் புகையில் உள்ள விஷ வாயுக்களைப் பெருமளவு குறைக்கச் சொன்னது. கம்பெனிகள் சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற சாதனத்தைப் பொருத்தின. அதில் ஒரு சிக்கல். மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒரே நேரத்தில் அது முறிக்க வேண்டுமானால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. ஸ்குரூவைத் திருப்பி அந்தத் துல்லியத்தை எல்லா நேரமும் காப்பாற்ற முடியாது. நொடிக்கு நொடி அளந்து, நொடிக்கு நொடி திருத்த வேண்டும்.

அளக்கும் நாக்கு முதலில் வந்தது. புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று ருசி பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை ஜெர்மனியின் போஷ் கம்பெனி தயாரிக்க, வால்வோ 1976-ல் அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பொருத்தியது. பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் சாதனத்தை போஷ் 1967-லேயே வோக்ஸ்வாகன் கார்களுக்குத் தந்திருந்தது. இரண்டும் சேர்ந்து, நடுவில் ஒரு மைக்ரோபிராசசரும் உட்கார்ந்தபோது இன்றைய கார் பிறந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதன் நிலையை ஈயம் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. பெரிய திருப்பம் 1999 ஏப்ரலில். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் புதிய தனியார் கார்கள் 1999 ஜூனிலிருந்து யூரோ-1 விதியையும் 2000 ஏப்ரலிலிருந்து யூரோ-2 விதியையும் பூர்த்தி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. பல ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது என்று நினைத்திருந்த கம்பெனிகள் சில வாரங்களில் ஓடின. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஹூண்டாய் சான்ட்ரோவில் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் ஏற்கெனவே இருந்தது. மாருதி 800-க்கும் 2000-ல் அது வந்துவிட்டது. பின்கண்ணாடியில் ஒட்டிய அந்த நான்கெழுத்து ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே அதைப் பெருமையாகச் சுமந்த கார்கள் அந்த நாட்களில் ஏராளம். கார்புரேட்டர் போய்விட்டது, இனி உங்கள் காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதே அதன் அர்த்தம்.

பிறகு விதிகள் ஏணிப்படிகளாக உயர்ந்தன. பாரத் ஸ்டேஜ்-4 விதி 2010-ல் பெருநகரங்களிலும் 2017-ல் நாடு முழுவதும் வந்தது. ஐந்தாவது படியைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரலில் நேராக ஸ்டேஜ்-6. அன்றிலிருந்து ஹனூர்ச் சந்தைக்கு ராகி மூட்டை ஏற்றி வரும் மோட்டார் சைக்கிள்கூட, புதிதாக வாங்கியதென்றால், பெரும்பாலும் சென்சாரும் இன்ஜெக்டரும் உள்ள வண்டிதான்.

ஒரு நொடியில் 2,900 துடிப்புகள்

இந்தக் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையை அறிய ஒரு பல்சக்கரத்தைப் பார்த்தால் போதும். கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் அந்தச் சக்கரத்தில் பல கார்களில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். ஆனால் பற்கள் 58. இரண்டு வேண்டுமென்றே விடப்பட்டவை. பக்கத்தில் விரல் நுனியளவு சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு. ஓட்டை கடக்கும்போது மௌனம். அந்த மௌனத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் நொடிக்கு 50 சுற்று, 2,900 துடிப்புகள். நான்கு சிலிண்டர் என்ஜினில் அந்த ஒரு நொடிக்குள் 100 முறை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், 100 முறை பொறி வைக்க வேண்டும். இந்தச் சின்ன சென்சார் செத்தால் கம்ப்யூட்டருக்கு இருட்டு. மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தும் பல கார்கள் அதோடு நின்றுவிடும்.

இதோடு உள்ளே வரும் காற்றின் அளவு, அதன் சூடு, கூலன்ட் சூடு, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள் என்ற செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. சிலிண்டருக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால் எழும் 'டிக் டிக்' ஒலியைக் கேட்க என்ஜின் உடம்பில் ஒட்டிய ஒரு சென்சார் இருக்கிறது. பழைய மெக்கானிக்கின் காது செய்த வேலை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் அதிகமென்றால் ஒரு வோல்ட்டை நெருங்கியும், குறைவென்றால் பூஜ்யத்தை நெருங்கியும் சைகை காட்டும். கம்ப்யூட்டர் அந்தச் சைகைக்கேற்ப இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மில்லிசெகண்டின் சிறு பகுதிகளில் கூட்டிக் குறைக்கும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கிறார்களே, அதிலும் இதே கதைதான். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட இன்ஜெக்டர் சற்று அதிக நேரம் திறக்கிறது. மைலேஜ் குறைகிறதே என்ற முணுமுணுப்புக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மலைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது பழைய டிரைவர்களின் வழக்கம். கார்புரேட்டர் வண்டியிலேயே அது ஆபத்து. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது நஷ்டமும்கூட. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றிவிடுகிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்கான பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். மாதேஸ்வரன் மலையிலிருந்து தாளபெட்டாவுக்கு நியூட்ரலில் இறங்குகிறவர் பிரேக்கையும் காய்ச்சுகிறார், பெட்ரோலையும் கொளுத்துகிறார்.

பிரேக்கிலும் கம்ப்யூட்டர் உண்டு. போஷ் 1978-ல் மெர்சிடிஸ் காரில் அறிமுகப்படுத்திய ஏ.பி.எஸ்., இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். நான்கு சக்கரங்களிலும் வேகம் பார்க்கும் சென்சார்கள். ஈர வளைவில் பிரேக்கை அழுத்தும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நிற்கப் பார்த்தால் அதற்குப் போகும் பிரேக் அழுத்தத்தை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து நொடிக்குப் பல தடவை திருத்தும். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். அப்போது காலுக்கடியில் பெடல் அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது. அழுத்திப் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப வேண்டும். ஆனால் தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக்கை எந்தக் கம்ப்யூட்டராலும் ஆற்ற முடியாது. இறக்கத்தில் சின்ன கியர் என்ற பாட்டன் காலத்துப் புத்திமதி அப்படியே இருக்கிறது.

ஏர்பேக்கின் கணக்கு இன்னும் கறாரானது. மோதலை உணர்ந்து, விரித்து முடிக்க அதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவு நேரம். கண் இமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும். முன்னால் கனமான இரும்புக் கம்பி மாட்டினால் மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே மாறிவிடுகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கம்பிகளைத் தடை செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டுச் சாலையில் கம்பி இல்லாமல் போக மாட்டேன் என்கிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

எலியும் சாவியும்

இத்தனை சாமர்த்தியத்துக்கும் விலை இருக்கிறது. சென்சார்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயரிங், கிராமத்துக் கொட்டகையில் நிற்கும் காரில் எலிக்கு விருந்து. ஒரு கம்பி அறுந்தால் வண்டி நிற்கும். கம்பி எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். மழையில் கனெக்டர் முனை பாசி பிடித்தால் சென்சார் நன்றாக இருந்தும் பொய்த் தகவல் போகும். சிப் பொருத்திய சாவி தொலைந்தால் பூட்டுக்கடைக்காரரின் அரத்துக்கு அது மசியாது. புதிய சாவியைக் காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும், அதற்கும் கம்ப்யூட்டர்.

டீசல் வண்டிகளின் பாடு தனி. ஸ்டேஜ்-6 டீசல் காரின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர கார் கொஞ்ச நேரமாவது தடையில்லாமல் வேகமாக ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் கரி நிரம்பிக்கொண்டே போகும். விளக்கு எரிந்தபோது நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் ஓட்டினாலே பல சமயம் தீர்ந்துவிடும். தெரியாமல் விட்டால் வடிகட்டியையே மாற்ற நேரும். லாரிகளில் யூரியாக் கரைசல் தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் என்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். டிரைவர் என்ன கெஞ்சினாலும் அது விதியை மீறாது.

2021-ல் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாருதி தன் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம்தான் முடியும் என்று அறிவித்தது. தகடு இருந்தது, டயர் இருந்தது, ஆள் இருந்தது. நகத்தளவு சிலிக்கான் இல்லை.

ஐந்தெழுத்துப் புதிர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே, குனிந்து பார்த்தால் 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும், இந்தியாவில் 2013 முதல் முழு அளவிலும் கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி.-2 ஏற்பாட்டின் வாசல் அது. ஸ்கேனரைச் செருகினால் பழுதின் எண் வரும். ஓர் எழுத்து, நான்கு இலக்கம். பி-0335 என்றால் கிராங்க் சென்சார் வழியில் கோளாறு. பி-0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. செல்போனோடு இணையும் சின்ன ஸ்கேனர்கள் ஒரு நாள் கூலிக்குள் கிடைக்கின்றன.

எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இன்று அதிகப் பணத்தை விரயம் செய்யும் தவறு. பி-0171 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் அந்த சென்சார் தன் கடமையைச் செய்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. குற்றவாளி, வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. கூர்ந்து கேட்டால் 'உஸ்' என்று ஓர் ஓசை வரும். காதால் என்ஜினைப் படித்த பழைய மெக்கானிக் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டர் அறிகுறியைச் சொல்கிறது. நோயைக் கண்டுபிடிக்க இன்னும் மனிதன் வேண்டும். பழைய வித்தை வீண் போய்விட்டது என்ற பேச்சு அவசரமானது.

பூட்டு யார் கையில்?

அப்படியானால் ஹனூர் மெக்கானிக்குக்கு என்னதான் தடை? சாதாரண ஸ்கேனர் படிப்பது, புகை சம்பந்தமான பொது எண்களைத்தான். ஏ.பி.எஸ்., ஏர்பேக், சாவி, கியர்பாக்ஸ் இவற்றின் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில பாகங்களைப் புதிதாக வாங்கி மாட்டினாலும், அது இந்தக் காரின் பாகம்தான் என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வரை வேலை செய்யாது. அந்தப் பதிவுக்கான மென்பொருள் கம்பெனியிடமும் அதன் அங்கீகாரம் பெற்ற டீலரிடமும் இருக்கிறது. ஸ்பேனர் செட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். இதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாத நிலை பல காலம் இருந்தது.

இது குமுறலாக மட்டும் நின்றுவிடாமல் வழக்காகவும் வந்தது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் தராமல் கம்பெனிகள் தனியார் ஒர்க்‌ஷாப்புகளின் கழுத்தை நெரிக்கின்றன, அதனால் கார் வைத்திருப்பவர்கள் அதிக விலை கொடுக்க நேர்கிறது என்பது புகாரின் சாரம். மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் கம்பெனிகளைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் கருவிகளும் தனியார் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வழி செய்யுங்கள், வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யாதீர்கள் என்றும் உத்தரவிட்டது.

அபராதத் தொகை பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. மற்ற இரண்டு வரிகள்தான் முக்கியம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் மூன்றும் செய்த மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. கம்பெனிகளின் போக்கு தவறு என்ற முடிவை மாற்றவில்லை. வேறு சில கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போயின. வழக்கு கோர்ட்டில் நடக்க, கார்களில் கம்ப்யூட்டரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

கம்பெனிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரேக்கையும் ஏர்பேக்கையும் ஆளும் மென்பொருளில் கண்டவர்கள் கைவைத்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். அது வெறும் பூச்சாண்டி அல்ல. 2015-ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு நிபுணர்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை எங்கோ உட்கார்ந்தபடி இன்டர்நெட் வழியாக முடக்கிக் காட்டினார்கள். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

ஆனால் பூட்டிய பெட்டிக்குள் கம்பெனியே திருட்டுத்தனம் செய்தால்? அதே 2015-ல் வோக்ஸ்வாகன் பிடிபட்டது. அதன் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், வண்டி பரிசோதனைக் கூடத்தில் ஓடுகிறதா சாலையில் ஓடுகிறதா என்று கண்டுகொள்ளும். ஸ்டீயரிங் திரும்பவில்லை, சக்கரம் மட்டும் சுழல்கிறது என்பது போன்ற அறிகுறிகள் போதும். கூடத்தில் சாது, சாலையில் புகை. இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன ஆய்வுக் குழு. புகையை அளக்கும் கருவியைக் காரின் பின்புறம் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டிப் பார்த்த அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து படிக்கப் போன அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். ஒரு கார் அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. இந்தியாவிலும் அந்தக் கம்பெனி 2015 டிசம்பரில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெளியாள் ஒருவர் அளந்து பார்க்காவிட்டால் அந்தப் பொய் இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக்காகப் பூட்டு வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கதைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வெளிநாடுகள் ஒரு நடுவழி கண்டிருக்கின்றன. ஐரோப்பிய யூனியன் 2007-ல் கொண்டுவந்த விதி, பழுது பார்க்கத் தேவையான தகவலை தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கட்டணத்துக்குத் தரக் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பே நடந்து, கார் பழுது பார்க்கும் உரிமை சட்டமானது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். கம்பெனிகள் தகவல்களை அதில் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டாயப்படுத்தும் சட்டமாக அது இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகக் கார்களின் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருளில் ஒரு பெரிய பங்கு ஹனூரிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் எழுதப்படுகிறது. 1951-ல் மைக்கோ என்ற பெயரில் இந்தியாவில் கால் வைத்து, 2008-ல் பெயர் மாற்றிக்கொண்ட போஷ், பெங்களூரிலும் கோவையிலும் ஆயிரக்கணக்கான மென்பொருள் என்ஜினியர்களை வைத்திருக்கிறது. மெர்சிடிஸ் 1996-லேயே பெங்களூரில் ஆராய்ச்சி மையம் திறந்தது. ஒரு பக்கம் பெங்களூர், மறுபக்கம் கோவை. இரண்டுக்கும் இடையே உள்ள ஹனூரில்தான் அந்த மென்பொருள் காட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு ரெக்கவரி வண்டிக்குப் போன் செய்கிறார்கள்.

சின்ன ஊர்களில் ஸ்கேனரை முதலில் வாங்குகிறவர்கள் பைக் மெக்கானிக்குகளாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வண்டிகளின் எண்ணிக்கை அங்கே அதிகம், சென்சார்கள் குறைவு, போட்ட முதல் சீக்கிரம் திரும்புகிறது. காருக்கான நல்ல ஸ்கேனர், பல கம்பெனிகளின் மொழி தெரிந்தது, லட்ச ரூபாயைத் தொடும். அதோடு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம். தாலுகாவுக்கு நான்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் கூட்டாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

கார் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம். வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் காய்ந்து கெட்டுவிடும். சீக்கிரம் ஓரம் கட்ட வேண்டும். சிவப்பில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பாட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது, டாக்டரிடம் போகும் முன் காய்ச்சல் சீட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். பதிவாகியிருந்த எண்ணும் அதோடு அழிந்துபோகும். மைசூரோ கொள்ளேகாலோ, எங்கே கொடுத்தாலும் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால் ஸ்கேனரில் வந்த எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஐந்தே எழுத்துகள். அடுத்த முறை அதே விளக்கு எரிந்தால், அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஹனூரிலேயே பேச்சைத் தொடங்கலாம்.